மெதுவாக ஓடினால்தான் அது வரும்: ‘ரன்னர்ஸ் ஹை’ தேடும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். “ஓடினா மனசு ஜிவ்வுனு ஆயிடும், உலகமே லேசாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் நாக்கு தள்ளுது?” நியாயமான கேள்விதான். ரன்னர்ஸ் ஹை என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் அந்தப் பரவசம் கட்டுக்கதை கிடையாது. ஆனால் அது எல்லாருக்கும் வராது, வருபவர்களுக்கும் எல்லா நாளும் வராது, முதல் மாதத்தில் அநேகமாக யாருக்குமே வராது. அது வருவதற்கு ஏற்ற நிலைமையை அமைத்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதை அமைக்கும்போது புதியவர்கள் கோட்டைவிடும் இடம் வேகம். எல்லாரும் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு மூச்சு தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும். கால் அதுபாட்டுக்குப் போகும். காலையில் எழுந்தபோது நெஞ்சில் உட்கார்ந்திருந்த கவலை, அது இஎம்ஐயாக இருந்தாலும் சரி, மேனேஜராக இருந்தாலும் சரி, இன்னும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதன் பாரம் தெரியாது. சிலருக்கு மெய் சிலிர்க்கும். சிலருக்குக் காரணமே இல்லாமல் கண் கலங்கும். சிலர் எதிரே வாக்கிங் வரும் முன்பின் தெரியாத பெரியவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போகலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்.

பலருக்கு இந்த அளவுக்கெல்லாம் போகாது. ஓடி முடித்துக் குளித்துவிட்டு உட்காரும்போது ஒரு நிதானம் இருக்கும், மத்தியானம் வரை யார் மேலும் எரிச்சல் வராது. இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வாணவேடிக்கையை எதிர்பார்த்துக்கொண்டு ஓடுபவர்கள் இந்த நிதானத்தைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

அறிவியல் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பின்னால் சொல்லப்போகும் வேகக் கணக்கும் நேரக் கணக்கும் இங்கிருந்துதான் வருகின்றன.

பல காலமாக எல்லாரும் சொல்லிவந்த பதில் எண்டார்ஃபின். மார்ஃபினைப் போல வேலை செய்யும் பொருள்களை உடம்பே தயாரிக்கிறது என்பது 1970களின் நடுவில் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜாகிங் மோகம் பரவிக்கொண்டிருந்ததும் அதே காலம்தான். இரண்டும் சேர்ந்துகொள்ள, எண்டார்ஃபின் என்ற சொல் ஜிம் சுவர்களில் எழுதிவைக்கும் அளவுக்குப் பிரபலமாகிவிட்டது. ஓடினால் ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது உண்மை. சிக்கல் என்னவென்றால், அது பெரிய மூலக்கூறு; ரத்தத்திலிருந்து மூளைக்குள் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது. 2008இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவைத்து மூளையை பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள்ளேயே எண்டார்ஃபின் வகைப் பொருள்கள் சுரந்ததற்கான தடயம் கிடைத்தது. அதனால் எண்டார்ஃபினை முழுசாக ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆனால் 2021இல் வந்த ஹாம்பர்க் ஆய்வு வேறு பக்கம் கை காட்டியது. 63 பேரை 45 நிமிடம் டிரெட்மில்லில் மிதமான வேகத்தில் ஓடவைத்தார்கள். எண்டார்ஃபின் மூளையில் வேலை செய்ய விடாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தையும், ஒன்றுமில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தபோதும் ஓட்டத்துக்குப் பிறகு பரவசம் வந்தது, பதற்றமும் குறைந்தது. அப்படியென்றால் அந்தப் பரவசத்துக்கு எண்டார்ஃபின் கட்டாயம் தேவை என்று சொல்ல முடியாது.

இப்போது ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது எண்டோகன்னாபினாய்டுகளைப் பற்றி. கஞ்சா மூளையில் போய் எங்கே ஒட்டுகிறதோ அதே இடத்தில் ஒட்டக்கூடிய, உடம்பே தயாரிக்கும் பொருள்கள் இவை. அதில் முக்கியமானது ஆனந்தமைடு. 1992இல் ஜெருசலேமில் உள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலமின் குழு கண்டுபிடித்தது. சின்ன மூலக்கூறு, கொழுப்பில் கரையும், அதனால் மூளைக்குள் போவதில் சிரமம் இல்லை. 2003இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை 50 நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு ரத்தத்தைச் சோதித்தபோது ஆனந்தமைடு ஏறியிருந்தது. 2015இல் ஜெர்மனியில் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில், இந்தப் பொருள்கள் போய் ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளைத் தடுத்துவிட்டால் ஓடிய பிறகு வரும் அமைதியும் எலிகளுக்கு வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2012இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ராய்க்லன் குழு செய்தது. மனிதர்கள், நாய்கள், ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணி என மூன்று தரப்பையும் டிரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடவைத்தார்கள். மனிதர்களுக்கும் நாய்களுக்கும் ஆனந்தமைடு ஏறியது, ஃபெரெட்டுக்கு ஏறவில்லை. நெடுந்தூரம் ஓடிப் பிழைத்த இனங்களுக்கு மட்டும் இயற்கை இந்தப் பரிசை வைத்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். விடியற்காலையில் தெருநாய் நம்மைத் துரத்தும்போது, அதுவாவது அந்தப் பரவசத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

அதே குழு அடுத்த வருடம் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது. மெதுவாக நடந்தபோதும் ஏறவில்லை, மூச்சு முட்ட ஓடியபோதும் ஏறவில்லை; நடுவாந்திர வேகத்தில்தான் ஏறியது. ஆக, நமக்கு வேண்டியது இரண்டு: மிதமான வேகம், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். புதியவரால் முக்கால் மணி நேரம் விடாமல் ஓட முடியாது. அதனால்தான் முதல் மாதத்தில் வராது என்றேன். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் இனி.

முதல் படி: உடம்பைச் சரிபார்ப்பது

நாற்பது வயதைத் தாண்டி, வருடக்கணக்கில் உடற்பயிற்சியே இல்லாதவர்கள், ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருப்பவர்கள், குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். “நான் ஓடப்போறேன்” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். ‘வாக்கிங் போங்க’ என்று அவர் எப்போதோ சொன்னதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போதோ ஓடிய பிறகோ சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அவர்கள் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் படி: நேரம், இடம், ஷூ

நம் ஊரில் ஓட்டத்தின் முதல் எதிரி வெயில், அதைவிட மோசமான எதிரி புழுக்கம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை உலராது; உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடம்பு சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் அதே வேகத்துக்கே அதிகமாகத் துடிக்கும். டிசம்பரில் சுகமாக ஓடிய வேகம் மே மாதத்தில் மூச்சு வாங்க வைப்பது இதனால்தான். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் காலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. தொடங்க நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரலில் தொடங்கி, ஓட்டம் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். தப்பு ஓட்டத்தின் மேல் இல்லை, அக்னி நட்சத்திரத்தின் மேல்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட முக்கியம், நின்று நின்று போக வேண்டியிராமல் இருப்பது. சிக்னல், ஸ்பீடு பிரேக்கர், பால் வண்டி என்று ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் நிற்க வேண்டியிருந்தால் அந்தத் தாளம் சேரவே சேராது. கோவையில் ரேஸ் கோர்ஸ் சுற்று இதற்கு அருமையான இடம். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். சென்னையில் மெரினாவின் நடைபாதையும் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையும் விடியற்காலையில் ஓட்டக்காரர்களால் நிறைந்திருக்கும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள். எதுவும் இல்லையென்றால் பள்ளி கிரவுண்டையே சுற்றிவரலாம். அலுப்புதான், ஆனால் வண்டியும் கிடையாது. மணலில் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் தாங்காது. இருட்டில் தனியாக ஓடுவது சரிப்படாது என்று நினைக்கும் பெண்கள் ஊரில் இருக்கும் ஓட்டக் குழுவில் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான ஊர்களில் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கிறது, புதியவர்களை அவர்கள் நன்றாகவே சேர்த்துக்கொள்கிறார்கள்.

நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். அதற்கு முதுகைக் காட்டி ஓடினால்தான் துரத்தல் பலமாகும். நடையாக மாறி, அதன் கண்ணையே முறைக்காமல், மெதுவாக அந்த இடத்தைத் தாண்டுங்கள்.

ஷூவைப் பற்றி இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது, அதையெல்லாம் படிக்க வேண்டாம். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போட்டு நாலு அடி ஓடிப் பாருங்கள், சுகமாக இருந்தால் அதுதான் உங்கள் ஷூ. விலை அதிகம் என்பதால் பரவசம் சீக்கிரம் வராது.

மூன்றாம் படி: நடையும் ஓட்டமும் கலந்து

1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ‘கௌச் டு 5கே’ என்று ஒரு ஒன்பது வாரத் திட்டம் போட்டார். பிற்பாடு பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையே அதை எடுத்துப் பரப்பியது. அடிப்படை எளியது: கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டு. நம் தட்பவெப்பத்துக்கு ஒன்பது வாரத்தைப் பன்னிரண்டாக இழுத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். அவசரம் என்ன இருக்கிறது?

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிட நடை. முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. அடுத்த இரண்டு வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு முறை. ஐந்து, ஆறாம் வாரங்களில் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கலாம். ஏழு, எட்டில் எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மூன்று முறை. ஒன்பது, பத்தில் நடுவில் இரண்டு நிமிட நடையோடு இரண்டு பன்னிரண்டு நிமிட ஓட்டம். பன்னிரண்டாம் வாரம் முடிவதற்குள் அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிந்துவிடும். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், யாரும் மார்க் போடப்போவதில்லை.

மூச்சு இரண்டு மூன்று வாரத்திலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். ஐந்தாம் வாரத்தில் “இவ்வளவுதானா, இன்னும் கூட்டலாமே” என்று தோன்றும்போது கூட்டினால், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஓட்டத்தை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த ஐந்தாம் வாரக் கதையைச் சொல்வார்கள்.

நான்காம் படி: வேகத்தைக் குறைப்பது

இதுதான் முக்கியமான படி, செய்வதற்குக் கஷ்டமான படியும்கூட. புதியவர்களுக்கு ஓட்டம் என்றாலே பள்ளி ஸ்போர்ட்ஸ் டேயில் நூறு மீட்டர் ஓடியதுதான் ஞாபகம். விசில் ஊதியதும் பாய வேண்டும் என்று உடம்பு நினைக்கிறது. அந்த வேகத்தில் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும், ஐந்து நிமிடத்தில் வெறுப்பு வரும். பரவசத்துக்கு அங்கே இடமே இல்லை.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடும்போதே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வழியில் ஒரு இரண்டு இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு சொல்லி முடிக்க முடிந்தால் வேகம் சரி. தெரு பெயரிலேயே திணறினால் வேகம் அதிகம், குறையுங்கள். பாட்டே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். பக்கத்தில் ஒருவர் ஓடிவந்தால் இன்னும் சுலபம்: அரட்டை நிற்காத வேகம்தான் உங்கள் வேகம்.

கையில் வாட்ச் இருப்பவர்கள் நாடித்துடிப்பை வைத்தும் பார்க்கலாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பின் தோராயக் கணக்கு கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு 180. அதில் 70லிருந்து 80 சதவீதம், அதாவது 126லிருந்து 144 வரை நமக்கு வேண்டிய எல்லை. ஆனால் இந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு வரை தவறலாம். ரத்தக் கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்களுக்கு இந்தக் கணக்கால் பயனில்லை. வாட்ச் ஒன்று சொல்லி முகவரிச் சோதனை வேறொன்று சொன்னால் முகவரியை நம்புங்கள்.

முதல் சில வாரம் இந்த வேகம் அவமானமாக இருக்கும். வேக நடை போகும் மாமிகள் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். சரியான வேகத்தில் ஓடுபவர் வீட்டுக்கு வரும்போது சோர்ந்து விழமாட்டார். இன்னொரு பத்து நிமிடம் ஓடியிருக்கலாம் என்ற மிச்சம் உடம்பில் இருக்கும். அந்த மிச்சம் இருந்தால்தான் மூளைக்கு ரசிக்க நேரம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: வாரம் ஒரு நீண்ட ஓட்டம்

அரை மணி நேரம் கைவசமான பிறகு வாரத்தில் ஒரு நாளை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி 45 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் வரை போகலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டாமல் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு நாளும் அரை மணியே போதும். அந்த உணர்வு வருவதாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில்தான் முதலில் தலைகாட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எத்தனை வருடம் ஓடியவராக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்காது. தசைக்குத் தேவையான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்க்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கால் கனக்கும், இன்றைக்கு வேண்டாமே என்று மனசு கெஞ்சும். முதல் தோசை பிய்ந்துதான் வரும் என்று தெரிந்தும் யாரும் அடுப்பை அணைப்பதில்லை. பதினைந்தாவது நிமிடம் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் உடம்பு வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம், நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். ராத்திரிக் கல்யாண விருந்தில் பரோட்டா, பிரியாணி என்று வெளுத்துக் கட்டிவிட்டுக் காலையில் பரவசம் தேடினால் நெஞ்செரிச்சல்தான் கிடைக்கும். காலையில் அரை வாழைப்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் குடிக்கலாம், ஆனால் பாத்ரூம் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் அளவுக்கு நேரம் விடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஓட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு உள்ளான ஓட்டத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும். தேவைக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகலாம். முடித்த பிறகு உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ, வேறென்ன வேண்டும்?

ஆறாம் படி: அதைத் தேடாமல் இருப்பது

“வந்துடுச்சா, வந்துடுச்சா” என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினால் வராது. வாட்சைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அதே வியாதிதான். நீண்ட ஓட்டத்தன்று திரையை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். போன் பாதுகாப்புக்கு இருக்கட்டும், நோட்டிபிகேஷன் மட்டும் அணைந்திருக்கட்டும்.

பாட்டு கேட்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கலாம், தப்பில்லை, அலுப்பு குறையும். ஆனால் குத்துப் பாட்டு வந்தால் கால் தன்னையறியாமல் வேகம் பிடிக்கும், வேகக் கணக்கு கெட்டுவிடும். சாலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடுவது ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பாட்டில்லாத கட்சி. மூச்சுச் சத்தமும் ஷூ தரையில் படும் சத்தமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் இடத்திலிருந்துதான் எனக்கு அந்த அமைதி தொடங்குகிறது. சிலருக்குத் துணையோடு பேசிக்கொண்டே ஓடும்போதுதான் வருகிறது. இரண்டையும் முயன்று பாருங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள், குறிப்பாக வேகத்தைக் கூட்டாதீர்கள். அந்த நேரத்தில் வலி மங்கிப்போகும். கொப்புளம், முழங்கால் வலி எதுவும் உறைக்காது. திட்டமிட்டதைவிட அஞ்சு கிலோமீட்டர் கூடுதலாக ஓடிவிட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

பரவசத்தையும் ஆபத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தலை லேசாக இருப்பது போலத் தோன்றுவது எல்லாம் ரன்னர்ஸ் ஹை ஆகாது. பரவசத்தில் பார்வை தெளிவாக இருக்கும், கால் தடுமாறாது, பேச்சு குழறாது. கண் இருட்டினால், வாந்தி வருவது போலிருந்தால், வெயிலில் உடம்பு சில்லிட்டு நடுங்கினால், பேச்சு முன்னுக்குப் பின் முரணானால் அது சூட்டாலோ சர்க்கரை இறங்கியதாலோ இருக்கலாம். உடனே நின்று நிழலுக்குப் போங்கள், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், சர்க்கரை நோயாளியாக இருந்தால் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் என்றால் கூட இருப்பவர்கள் 108ஐ அழைக்க வேண்டியதுதான். “கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்” என்ற பேச்சே கூடாது.

வரவே இல்லையென்றால்?

மூன்று நான்கு மாதம் ஒழுங்காக ஓடியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் வேகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது தூக்கம். அப்புறம் தடம்: பத்து இடத்தில் நின்று கிளம்பும் பாதையா என்று பாருங்கள். டிரெட்மில்லில் மட்டுமே ஓடுபவர்கள் ஒரு மாதம் வெளியே ஓடிப் பார்க்கலாம். ஆய்வுக்கூடங்களில் டிரெட்மில்லிலேயே ஆனந்தமைடு ஏறியிருக்கிறது, அதனால் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. எதிரே இருக்கும் டிவியில் ஓடும் விவாத நிகழ்ச்சி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் வராதவர்களும் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் மாரத்தான் ஓடுபவர்களிலேயே “அப்படி ஒண்ணும் எனக்கு வந்ததில்லையே” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களும் விடாமல்தான் ஓடுகிறார்கள். தூக்கம் நன்றாக வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து கூட்டமாகப் போய்க் குடிக்கும் டீ நன்றாக இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் சைக்கிளுக்கு மாறலாம். மேலே சொன்ன 2003 ஆய்வில் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் ஆனந்தமைடு ஏறியிருந்தது. அதே முக்கால் மணி நேரம், அதே முகவரிச் சோதனை.

இதற்கு நேர்மாறான சிக்கல், வந்துவிட்டதை விட முடியாமல் தவிப்பது. ஓய்வு நாளில் எரிச்சல், காய்ச்சலோடு ஓடுவது, கால் வலியை மறைத்து ஓடுவது, பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போகாமல் நீண்ட ஓட்டத்துக்குப் போவது, இவையெல்லாம் பழக்கம் கைமீறுவதன் அறிகுறிகள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓடாமல் இருக்கப் பழகுங்கள். காய்ச்சல் என்றால் அது விட்ட பிறகும் ஓரிரு நாள் பொறுத்துத்தான் ஓட வேண்டும். டெங்கு, கொரோனா போன்றவை வந்துபோயிருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, பழைய தூரத்திலிருந்து தொடங்காமல், மறுபடியும் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள்.